'நான்' கரைந்த ரொக் இசை

ஆணவ மலம் நீங்கினாலன்றி உயிருக்கு விடுதலை இல்லை என்பது சைவ சித்தாந்தம். தன்னையும் தனதென்பதையும் பற்றி நிற்கும் செருக்கைத் துறக்குமாறு வள்ளுவரும் வலியுறுத்தினார். கோயிற் பிரசங்கங்களில் நாம் கேட்டுப் பழகிய இத்தகைய கருத்து, மேலைநாட்டு ரொக் இசைக்குள்ளும் புகுந்தது என்றால் நம்மிற் பலர் வியப்படையக்கூடும்.

1964 இல் அமெரிக்க உளவியலாளர் ரிமொத்தி லியரியும் சகாக்கள் இருவரும் திபெத்திய மரண நூலைத் தழுவி ஒரு நூல் எழுதினர். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளால் 'நான்' என்னும் உணர்வு கரையும் அனுபவத்துக்கு அது வழிகாட்டியாக அமைந்தது. அதனைப் படித்த பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனன், 1966 இல் 'ருமாறோ நெவர் நோஸ்' என்ற பாடலை ஆக்கினார். மேலைப் பாடல்கள் சுரக்கோவைகள் மாறிமாறிச் செல்வதால் நகர்பவை. இப்பாடலோ தம்புராவின் சுருதிபோல ஏறத்தாழ ஒரே ஆதாரத் தொனியில் நிலைத்து நிற்கின்றது. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தம் குரல் ஒலிக்க வேண்டுமென லெனன் கேட்க, அதனைச் சுழலும் ஒலிபெருக்கியினூடாகச் செலுத்திப் பதிவுசெய்தனர்.

லெனன் நூலிற் கண்டதை, அதே குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் குருவிடம் தேடினார். 1966 இல் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். போதையில் மிதந்தபடி தம் இசையைக் கேட்பதை ரவிசங்கர் வெளிப்படையாகவே கண்டித்தவர். 1968 இல் குழுவினர் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்றனர். 1970 சனவரியில் ஹரிசனின் 'ஐ மீ மைன்' பதிவாகியது. 'நான், என்னை, என்னுடையது' என்று ஆணவத்தைச் சாடும் அப்பாடலே, குழு பிரியுமுன் புதிதாகப் பதிவுசெய்த கடைசிப் பாடல். லெனன் அதிற் பங்குபற்றவில்லை. ஆணவத்தைப் பாடியவர்களாலும் ஒன்றாக நிற்க முடியவில்லை.

விதியின் விளையாட்டு அத்துடன் முடியவில்லை. கிருஷ்ண நாமத்தையும் அல்லேலூயாவையும் இணைத்து ஹரிசன் பாடிய 'மை ஸ்வீற் லோட்' உலகப் புகழ் பெற்றது. அதன் மெட்டு முந்திய பாடலொன்றிலிருந்து அவரறியாமலே எடுக்கப்பட்டது என 1976 இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. 'என்னுடையது' என்பதை விடச் சொன்னவர், மெட்டு யாருடையது என்ற வழக்கில் தோற்றார்!

எனினும் அத்தத்துவம் செயலாகியதும் உண்டு. 1971 இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். வங்காளியான ரவிசங்கர் ஹரிசனிடம் உதவி கேட்டார். ஓகஸ்ட் 1 ஆம் நாள் நியூயோர்க்கில் இரு காட்சிகள் நடந்தன. பொப் டிலான், எரிக் கிளப்ரன் போன்ற பெரும் புள்ளிகள் ஒரே மேடையில் ஏறினர். நுழைவுச்சீட்டால் கிடைத்த 243,418 டொலர் ஐ.நா. சிறுவர் நிதியத்துக்குச் சென்றது. இசைத்தட்டு வருமானத்தின் பெரும்பகுதியோ வரிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

அகதிகளாகிய நமக்கு இக்கதையில் ஒரு சிந்தனை உண்டு. பெயர், ஊர், பிறந்த திகதி என்று 'நான்' இன்னார் என்பதைக் காட்டுமாறு தஞ்சம் கோரும் நம்மிடம் கேட்கப்படுகின்றது. செல்வமும் புகழும் நிறைந்தவர் 'நான்' என்பதைத் துறப்பது ஞானம். இல்லாதவரிடமிருந்து அதைப் பறிப்பது கொடுமை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது. தம் 'நானை' ஒதுக்கிவைத்து, முகமறியா அகதிக்காக மேடையேறிய அந்த ஒரு நாளே, அவர்கள் கீழைத்தேயத்திடம் கற்ற பாடத்துக்குச் சிறந்த சான்று.