றைபிள் குழல்: விலையும் செம்மையும்

ஒரு பொருளின் விலையே அதன் தகுதிக்கு அளவுகோல் எனக் கருதுதல் மாந்தரிடையே பெருவழக்காகும். இக்கருத்து எத்துணை உண்மை, எத்துணைப் பிழை என்பதைத் துலக்கிக் காட்டும் பொருள்களுள் றைபிள் என்னும் துவக்கின் குழலும் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலக்குச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரும், அவர்க்குத் தனித்தனியே துவக்குச் செய்து கொடுக்கும் கம்மியரும், குழலை மட்டும் தொழிற்சாலைகளிலிருந்து வாங்கித் தம் தேவைக்கேற்பப் பொருத்திக்கொள்வதுண்டு. துளையும் உட்புரியும் அமைந்து, தோட்டா அறையும் பொருத்துமரையும் அமையாத உருக்குக் குழலே ‘பிளாங்க்’ எனப்படும். ஒரே நீளமும் ஒரே துளையும் உடைய இரு குழல்களுள் ஒன்றன் விலை மற்றதனிலும் பன்மடங்காதல் உண்டு. அவ்வேறுபாடு எதனால் எழுகின்றது? கைப்பொருள் சுருங்கியோன் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தலாகாது? இவ்வினாக்களே ஈண்டு ஆராயற்பாலன.

குழலின் உட்புறத்தே சங்கின் புரிபோலச் சுற்றிச் செல்லும் தவாளிப்புக்கள் சன்னத்தைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் நிலைகுலையாது நிற்றல்போலச் சுழலும் சன்னமும் நெறி பிறழாது செல்லும். பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1742 இல் வெளியிட்ட நூலினாலும், பின்னர் றோயல் சங்கத்தின் முன் படித்த கட்டுரையினாலும் இத்துறையை அறிவியலின் பாற்படுத்தினார்.

செம்மைக்கும் விலைக்குமுள்ள பிணக்கினை வரலாற்றில் தெளிவுறக் காட்டியவர் யோசேப்பு விற்வேர்த் என்னும் பொறியியலாளர். அக்காலப் பிரித்தானியப் படையினர் தாங்கிய என்பீல்ட் றைபிளின் துளை 0.577 அங்குலம், அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விற்வேர்த் 0.451 அங்குல அறுகோணத் துளையும், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றான புரியும் அமைத்தார். 1857 இல் நடந்த சோதனைகளில் விற்வேர்த்தின் துவக்கு என்பீல்டினை எளிதில் வென்றது. 1860 இல் விம்பிள்டனில் விக்தோறியா மகாராணியார் போட்டிகளைத் தொடக்கிவைத்துச் சுட்டதும் அவ்வகைத் துவக்கினாலேயே. எனினும் படையினர்க்குரிய துவக்காக அரசாங்கம் அதனை ஏற்றிலது. அதன் விலை என்பீல்டின் விலையினும் ஏறத்தாழ நான்மடங்கு. கரிமருந்தின் கசடும் அதனுள் விரைந்து படிந்தது. மிகச் செம்மையான பொருளே எல்லார்க்கும் ஏற்ற பொருளாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, விலை வேறுபடுதற்குரிய முதற்காரணம் புரியிடும் முறையாகும். அவற்றுள் மூன்று சிறப்புடையன. முதலாவது வெட்டுமுறை. சிறு வெட்டலகு ஒவ்வொரு முறை செல்லும்போதும் அங்குலத்தின் பதினாயிரத்திலொரு கூறளவே உருக்கினைச் சீவும். தவாளிப்பின் ஆழமோ ஏறக்குறைய அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு கூறு. ஆதலின் இதற்குக் காலம் மிக வேண்டும், விலையும் உயரும். ஆயினும் உருக்கினுள் இறுக்கம் மிகுதியாகத் தோன்றுவதில்லை. இரண்டாவது குமிழ்முறை. மிக வன்மையான காபைட்டாலான குமிழொன்றைத் துளையினூடு ஒருமுறை இழுத்தோ தள்ளியோ புரியைப் பதிப்பர். இது விரைவும் மலிவும் உடையது. ஆனால் உருக்கினுள் இறுக்கம் தேங்கும். அதனைச் சூடாக்கித் தணித்தல் வேண்டும். அங்ஙனம் தணியாத குழலின் புறத்தைப் பின்னர் மிகக் கடைந்து மெலிவித்தால் துளை சிறிது விரியலாம். மூன்றாவது அடிமுறை. புரியின் எதிருரு அமைந்த கோலைத் துளையினுட் செலுத்திப் பொறிச்சம்மட்டிகளாற் புறத்தே அடித்து உருவாக்குவர். பொறியின் விலை பெரிதாயினும், ஆயிரக்கணக்கிற் செய்யும்போது குழலின் விலை சிறுகும்.

இம்மூன்று முறைகளாலும் நற்குழலும் பிறக்கும், தீக்குழலும் பிறக்கும். எனவே முறையின் பெயரை மட்டும் கேட்டு மயங்குதல் தகாது. நோக்கவேண்டுவது துளையின் ஒருசீர்மையே. ஈயக் கட்டியொன்றைக் குழலினுட் கோலால் மெல்லத் தள்ளினால், இறுகிய இடத்தையும் தளர்ந்த இடத்தையும் கையே உணரும். வாய்ப்புறம் நோக்கித் தளர்ந்து செல்லும் துளை விரும்பத்தக்கதன்று. அமெரிக்க அரசாங்கத்தின் ஸ்பிறிங்பீல்ட் தொழிற்சாலையில் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய தேர்வே நுண்கருவியால் நடைபெற்றது. அளவில் ஒருசீராயிருந்த குழல்களின் வாயில் விண்மீன் குறி பொறித்துப் போட்டித் துவக்குகளுக்கு ஒதுக்கினர். அரும்பொருள் செலவிட்டுப் புதுமுறை காணாது, அளந்து தெரிந்தெடுத்தலினாலேயே அவர்கள் செம்மை பெற்றனர்.

இரண்டாவதாகக் கருதத்தக்கது உருக்கின் வகை. 4140 என்னும் எண்ணுடைய குரோமியம்-மொலித்தனம் உருக்கு விலை குறைந்தது. துருவினின்று காத்தல் வேண்டும். 416 என்னும் துருவேறா உருக்கு விலை கூடியது. போட்டியாளர் பெரிதும் விரும்புவது. வேட்டைத் துவக்கொன்றுக்கு முன்னையது போதும்.

மூன்றாவது புரியின் சுற்றளவு. இதற்குத் தனிவிலை பெரும்பாலும் இல்லை. பிழைப்பின் இழப்போ பெரிது. கிறீன்கில் என்பார் 1879 இல் கண்ட விதிப்படி, சன்னத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150 ஆற் பெருக்கி, நீளத்தால் வகுத்தல் வேண்டும். விட்டம் 0.3 அங்குலமும் நீளம் 1.2 அங்குலமுமாயின் விடை 11.25, அஃதாவது ஏறக்குறைய 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட சன்னத்துக்கு இதனினும் விரைந்த புரி வேண்டும். விலை மலிந்ததென்று பொருந்தாப் புரியை வாங்கியவன் முழுப் பணத்தையும் இழந்தவனாவான்.

ஆகவே புறமெருகையும், துருவேறா உருக்கையும், புகழ்பெற்ற பெயரையும் சிக்கனம் கருதி விடலாம். ஒருசீரான துளையையும், இறுக்கந் தணித்த உருக்கையும், பொருந்திய புரியையும் விடுதலாகாது. இவற்றினும் மேலானது ஒன்றுளது, அது காப்பு. இலண்டனில் 1637 இலும் பேர்மிங்காமில் 1813 இலும் தோன்றிய சோதனைச் சாலைகள் மிகைமருந்தால் வெடித்துச் சோதித்துக் குழல்களுக்கு முத்திரை இடுவன. பிரித்தானியாவில் இச்சோதனை சட்டத்தாற் கட்டாயமானது. அமெரிக்காவில் அக்கட்டாயம் இன்மையின் பொறுப்பு முழுவதும் செய்வோனையும் பொருத்துவோனையுமே சாரும். தோட்டாவின் விசையைத் தாங்காத குழல் முதலிற் கொல்வது சுடுபவனையே. மலிவு என்பது விலையின் குறைவன்று. வேண்டாததை விலக்கி வேண்டியதை விடாமையேயாம்.