வேகமான பிராசஸர் மட்டும் போதுமா?

என் பெரியப்பா அரக்கோணத்தில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் மொபைலில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, தணிந்த குரலில், "ஏம்பா, எஃப்.டி.யை ஆன்லைன்ல எப்படி க்ளோஸ் பண்றது?" என்றார். முன்கூட்டியே முடித்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது: வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் ஒருவர், அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி மிரட்டியிருக்கிறார். நான் அழைப்பைத் துண்டித்தேன். நான்கு லட்சம் தப்பியது.

வட்டியைச் சரியாகக் கணக்கிட்டவர், 'போலீஸ் ஏன் பணம் கேட்கிறது?' என்று ஏன் யோசிக்கவில்லை?

கீழே உள்ள கணக்கைப் பாருங்கள். கீபோர்டும் மவுஸ் பேடும் சேர்த்து 1,100 ரூபாய். பேடைவிட கீபோர்டு 1,000 ரூபாய் அதிகம். பேடின் விலை என்ன? 100 என்றுதானே தோன்றுகிறது? சரியான விடை 50. ஷேன் ஃப்ரெடரிக் 2005-ல் இதே வகையில் மூன்று கேள்விகளை வெளியிட்டார். புகழ்பெற்ற எம்.ஐ.டி. மாணவர்களிலேயே மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் 48 சதவீதம்தான். கணக்குத் தெரியாததால் அல்ல. முதலில் தோன்றிய விடையைச் சரிபார்க்காததால்.

புத்திசாலித்தனம் பிராசஸரின் வேகம் போன்றது. பகுத்தறிந்து முடிவெடுப்பது, வரும் ஃபைலைத் திறக்கும் முன் ஸ்கேன் செய்வது போன்றது. ஸ்கேன் செய்யாவிட்டால், வேகமான கம்ப்யூட்டரில் வைரஸும் வேகமாகவே ஓடும். அறிவிருந்தும் பகுத்தறியத் தவறும் இந்நிலைக்கு உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1993-ல் 'டிஸ்ரேஷனாலியா' என்று பெயரிட்டார். பயமும் அவசரமும் சேர்ந்தால் ஸ்கேன் செய்ய நேரமே கிடைக்காது. மோசடிக்காரர்கள் "லைனைத் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்பது அதற்காகத்தான்.

எனவே, இப்படி அழைப்பு வந்தால்:

1. உடனே துண்டியுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எச்சரித்தார்.
2. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.
3. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பெரியப்பாவிடமும் மவுஸ் பேடு கணக்கைக் கேட்டேன். ஒரு நொடி நிதானித்து, "ஐம்பது" என்றார்.