தானாக மாறும் செட்டிங்ஸ்: என் ரேடியோ கற்றுத் தந்த பாடம்

"நான் எதையுமே தொடவில்லை சார். நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் இப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் தொடவில்லை, கம்ப்யூட்டர் தானாக மாற்றியிருக்கிறது. நம் வசதிக்காகத் தரப்பட்ட இந்த ஏற்பாடு எனக்கு ஒருமுறை பெரிய சங்கடத்தைக் கொடுத்தது.

உடையார்பாளையத்தில் என் வீட்டு மாடியில் ஒரு சிறிய அமெச்சூர் ரேடியோ நிலையம் வைத்திருக்கிறேன். ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் லைசென்ஸ் பெற்று, போன் கம்பெனி எதன் துணையும் இல்லாமல், வானலையில் நேரடியாகப் பேசும் பொழுதுபோக்கு இது. ஆபத்து நேரத்தில் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது போர்ட்பிளேரில் இருந்த பாரதி பிரசாத் உள்ளிட்ட ஹாம்கள்தான் அங்கிருந்து செய்திகளை அனுப்பி உதவினார்கள்.

தாத்தா, சத்தம் வரலை!

இன்றைய ரேடியோக்களை ஒரு யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்துவிடலாம். பல ரேடியோக்களின் உள்ளேயே ஒரு சவுண்ட் கார்டு உள்ளது. கம்ப்யூட்டர் உருவாக்கும் ஒலியை ரேடியோ வாங்கி ஒலிபரப்பும். நானும் அப்படி இணைத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து ஒலி வந்தாலே தானாக டிரான்ஸ்மிட் ஆகும் 'வாக்ஸ்' வசதியையும் ஆன் செய்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேரன் அதே கம்ப்யூட்டரில் சினிமா பாட்டு ஒன்றைப் போட்டான். "தாத்தா, ஸ்பீக்கர்ல சத்தமே வரலை" என்று சொல்லிக்கொண்டே வால்யூமைக் கூட்டினான். கீழே இருந்த என் மொபைல் ஒலித்தது. ஜெயங்கொண்டத்தில் இருக்கும் ஹாம் நண்பர். "சார், உங்க ரேடியோவிலிருந்து சினிமா பாட்டு வருதே, தெரியுமா?"

மாடிக்கு ஓடிப் போய் ரேடியோவை நிறுத்தினேன். கை நடுங்கியது. இசையையும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் அமெச்சூர் அலைவரிசையில் ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. ஆண்டுக்கணக்கில் காத்து வந்த லைசென்ஸ் ஒரு பாட்டில் போயிருக்கும்.

நடந்தது இதுதான். கேபிளைச் செருகியதும், கம்ப்யூட்டர் ரேடியோவை ஒரு புதிய ஸ்பீக்கர் என்று எண்ணி, அதனையே டிபால்ட் சாதனமாக அமைத்துக் கொண்டது. பாட்டு ஸ்பீக்கருக்குப் பதில் ஆன்டெனாவுக்குப் போய்விட்டது. ரேடியோ இல்லாதவர்களுக்கும் இதே சிக்கல் வரும். யு.எஸ்.பி. ஹெட்செட், வெப் கேமரா, எச்.டி.எம்.ஐ. டிவி எதை இணைத்தாலும் ஒலி இடம் மாறலாம்.

தீர்வு என்ன?

1. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் கட்டத்தில் எம்.எம்.எஸ்.ஒய்.எஸ். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு புள்ளி வைத்து, சி.பி.எல். என்று முடித்து என்டர் தட்டவும். சவுண்ட் டயலாக் பாக்ஸ் கிடைக்கும்.

2. 'பிளேபேக்' டேபில் உங்கள் ஸ்பீக்கர் மீது ரைட் கிளிக் செய்து 'செட் ஆஸ் டிபால்ட் டிவைஸ்' என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். 'ரெக்கார்டிங்' டேபில் மைக்குக்கும் இதே போல் செய்திடவும்.

3. 'சவுண்ட்ஸ்' டேபில் 'நோ சவுண்ட்ஸ்' எனக் கொடுத்தால், மெயில் வந்தால் எழும் 'டிங்' போன்ற ஒலிகள் நிற்கும்.

4. 'கம்யூனிகேஷன்ஸ்' டேபில் 'டூ நத்திங்' எனக் கொடுக்கவும். இல்லையேல் இன்டர்நெட் அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளின் அளவு தானாகக் குறையும்.

ரேடியோவின் சவுண்ட் கார்டை, அதற்கான புரோகிராமின் செட்டிங்ஸில் மட்டும் தேர்ந்தெடுத்துக் கொண்டேன். வாக்ஸையும் ஆப் செய்துவிட்டேன்.

இரண்டு யு.எஸ்.பி.

அடுத்த தலைவலி ரேடியோவில் இருந்தே வந்தது. கேபிள் யு.எஸ்.பி. நாம் அறிந்தது. ஹாம் உலகில் இன்னொரு யு.எஸ்.பி. உண்டு: அப்பர் சைட் பேண்ட். அதன் ஜோடி லோயர் சைட் பேண்ட். குரலில் பேசும்போது 10 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே லோயர், மேலே அப்பர் என்பது ஹாம்களின் வழக்கம். எனவே பேண்ட் மாற்றினால் பல ரேடியோக்கள் இதனைத் தானாகவே மாற்றிவிடும்.

ஆனால் எப்.டி.8 என்னும் டிஜிட்டல் முறைக்கு எல்லா பேண்டிலும் அப்பர் வேண்டும். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கேயும் உருவாக்கி 2017ல் வெளியிட்ட முறை இது. 15 விநாடிக்கு ஒரு சிறு செய்தி என மாறி மாறி அனுப்பும். மிக மெல்லிய சிக்னலைக் கூடப் படித்துவிடும். நான் 7.074 மெகா ஹெர்ட்ஸுக்குப் போனதும் ரேடியோ தானாக லோயருக்குப் போய், மற்றவர்கள் அனுப்பும் பக்கத்திற்கு எதிர்ப் பக்கத்தைக் கேட்டுக் கொண்டிருந்தது. ஒரு மாலை முழுக்க ஒரு வரி கூடத் திரையில் வரவில்லை. ஆன்டெனாதான் பழுது என்று எண்ணி மாடியில் ஏறி இறங்கியதுதான் மிச்சம். இப்போது அலைவரிசை, மோட் இரண்டையும் சேர்த்து ரேடியோவின் மெமரியில் பதிந்து வைத்திருக்கிறேன். அதனை அழைத்தால் சரியாக வருகிறது.

போர்ட் எண் மாறினால்

கேபிளைக் கழற்றி வேறு யு.எஸ்.பி. சாக்கெட்டில் செருகினால், காம் போர்ட் எண் 3 என்பது 5 என மாறிவிடலாம். புரோகிராம் பழைய எண்ணிலேயே ரேடியோவைத் தேடி ஏமாறும். எப்போதும் ஒரே சாக்கெட்டைப் பயன்படுத்தவும். மாறிவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' பிரிவைத் திறந்து, புதிய எண் எது எனப் பார்த்து, அதனைப் புரோகிராமில் கொடுக்கவும்.

எல்லாமே கெடுதல் அல்ல

தானாக மாறுவதையெல்லாம் நிறுத்தி விடலாமா? கூடாது. எப்.டி.8க்குக் கம்ப்யூட்டர் கடிகாரம் சில விநாடிகள் தவறினாலும் தொடர்பு கிடைக்காது. கோபத்தில் எல்லா ஆட்டோமேட்டிக் வசதிகளையும் ஆப் செய்தபோது, நேரத்தைத் தானாகச் சரி செய்யும் வசதியையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். சில வாரங்களில் கடிகாரம் பின்தங்கியது. மறுபடியும் திரை வெறுமை! அதனை ஆன் செய்த பிறகே தொடர்புகள் திரும்பின.

எனவே ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக இயங்கும் நாளில், எந்த ஸ்பீக்கர், எந்த மைக், எந்த போர்ட், எவ்வளவு வால்யூம் என்று எழுதி வைத்திடுங்கள். அப்டேட் முடிந்த பிறகும், புதிய சாதனம் இணைத்த பிறகும் அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். என் மேஜையில் அந்த நோட்டு ரேடியோவின் பக்கத்திலேயே இருக்கிறது. பேரன் பாட்டுப் போடும் முன் ரேடியோவின் கேபிளைக் கழற்றுகிறான். அதையும் நோட்டில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.