தனியாக இருப்பதாக நம்பும் கணினி

இணையதளம் தொடங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது விலைப்பட்டியலைத்தான். ஷேர்டு ஹோஸ்டிங் மலிவு. விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் தனி சர்வருக்குக் கூடுதல் காசு. ஆனால் இரண்டுமே எங்கோ ஒரு தரவு மையத்தில், பலரும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே வகைப் பெட்டிக்குள்தான் ஓடுகின்றன. அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? உங்களையும் அடுத்தவரையும் எந்த மட்டத்தில் பிரிக்கிறார்கள் என்பதற்கு.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இயங்குதளம் ஒன்று, வெப் சர்வர் மென்பொருள் ஒன்று, அதன்மேல் நூற்றுக்கணக்கான தளங்கள். எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி. வந்து சேரும் கோரிக்கை யாருடைய தளத்துக்கு என்பதை, பிரௌசர் அதோடு சேர்த்து அனுப்பும் ‘ஹோஸ்ட்’ என்ற ஒரு வரி சொல்லிவிடுகிறது. ஆரம்பகால எச்டிடிபியில் அந்த வரி இல்லை. தளத்துக்கு ஒரு ஐபி முகவரி தேவைப்பட்டது. 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 ‘ஹோஸ்ட்’ வரியைக் கட்டாயமாக்கியது. இந்தத் தொழில் இவ்வளவு மலிவானதில் அந்த ஒரு வரிக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே வாடிக்கையாளர்களைப் பிரித்து வைப்பவை பயனர் கணக்குகளும் கோப்பு அனுமதிகளும்தான். இயங்குதளத்தின் மையமான கெர்னல் எல்லோருக்கும் பொது. பக்கத்துத் தளத்தில் கூட்டம் அலைமோதினால் உங்கள் தளம் திணறலாம். அவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால், ஐபி முகவரி தடைப்பட்டியலில் ஏறி உங்கள் அஞ்சலும் திரும்பி வரலாம்.

விபிஎஸ்ஸில் உங்களுக்கென்று ஒரு முழு இயங்குதளம். கணினி மொத்தமும் தன்னுடையது என்று நம்பி அது ஓடுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. இயங்குதளம் என்பதே வன்பொருளுக்கு ஆணையிடுவதற்காகப் பிறந்தது. இங்கேயோ ஒரே ப்ராசஸருக்குப் பல எஜமானர்கள்.

இதற்கான வழி பழையது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் 1967இல் சிபி-40 என்ற அமைப்பு நடைமுறைக்கு வந்தது. 256 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு கணினி, அதன் தயவில் 14 கணினிகளாகத் தோன்ற முடிந்தது. உள்ளே குடியேறிய இயங்குதளத்துக்கு எஜமான உரிமை தரமாட்டார்கள். அந்த உரிமை தேவைப்படும் கட்டளையை அது பிறப்பித்ததும் ப்ராசஸர் மறுத்து, இன்று ஹைப்பர்வைசர் என்று நாம் அழைக்கும் கண்காணிப்பு நிரலிடம் விவகாரத்தை ஒப்படைக்கும். கண்காணிப்பாளர் அந்த வேலை நடந்துவிட்டதுபோல் எல்லாவற்றையும் ஜோடித்துவிட்டு, ‘மேலே போகலாம்’ என்று விடுவார். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆபத்தான கட்டளை ஒவ்வொன்றும் இப்படிப் பிடிபட்டால் போதும் என்று 1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் கணித முறையில் நிறுவினார்கள்.

சர்வர் சந்தையைப் பிற்பாடு பிடித்த எக்ஸ்86 ப்ராசஸர்களோ இந்தத் தேர்வில் தோற்றவை. ‘பாப்எஃப்’ என்றொரு கட்டளை. குறுக்கீடுகளை நிறுத்திவைக்கச் சொல்லி உரிமையில்லாத நிரல் அதைப் பயன்படுத்தினால், ப்ராசஸர் மறுப்பதுமில்லை, செய்வதுமில்லை, சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எதைப் பிடிப்பது? இத்தகைய 17 கட்டளைகளை 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை அடையாளம் காட்டியது.

1998இல் தொடங்கிய விஎம்வேர், ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே அந்த இடங்களை மாற்றி எழுதிச் சமாளித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளிவந்த ஸென், குட்டை உடைத்தே விட்டது: ‘நீ தனியாக இல்லை; வேண்டியதை என்னிடம் கேள்’ என்று இயங்குதளத்தையே திருத்திவிட்டது. எனக்குப் பிடித்தது இந்த நேர்மைதான். 2006இல் அமேசான் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அடியில் இருந்ததும் ஸென். அதற்குள் இன்டெலும் ஏஎம்டியும் ப்ராசஸரிலேயே வழி செய்துவிட, 2007இல் லினக்ஸ் கெர்னலுக்குள் கேவிஎம் வந்து சேர்ந்தது. இன்றைய விபிஎஸ்களில் பலவும் அதன்மேல் ஓடுபவை. பெயர் மட்டும் விபிஎஸ் என்று வைத்துக்கொண்டு கெர்னலைப் பொதுவில் விடும் ஓபன்விஇசட் வகையும் உண்டு; வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

கடைக்கொரு தளம், சுமாரான கூட்டம் வரும் வேர்ட்பிரஸ் தளம் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கே தாராளம். நாள் முழுக்க ஓட வேண்டிய பைத்தான் நிரலோ, நீங்களே நிறுவ வேண்டிய தரவுத்தளமோ இருந்தால் விபிஎஸ் வேண்டும். ‘ரூட்’ அதிகாரம் கைக்கு வரும். புதுப்பிப்பு, ஃபயர்வால், பேக்கப் எல்லாம் தலைக்கு வரும். பொது ஐபி முகவரி உயிர்பெற்ற கொஞ்ச நேரத்திலேயே, கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் வாசலுக்கு வந்துவிடும். ஆள் இல்லாதவர்கள், இவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் ‘மேனேஜ்டு’ வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

வாங்கிய பிறகும் பங்காளிகள் போய்விடுவதில்லை. லினக்ஸில் ‘டாப்’ என்று அடித்தால் வரும் வரிசையில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் இருக்கும். உங்கள் சர்வர் ஓடத் தயாராக நின்றும், ஹைப்பர்வைசர் ப்ராசஸரை வேறு யாருக்கோ கொடுத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. தொடர்ந்து இரண்டிலக்கத்தில் நின்றால் நிரலைத் திருத்திப் பயனில்லை. வேறு பெட்டிக்கு மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.