அரசாங்கம் என்பது யார்?

சில மாதங்களுக்கு முன்னர், தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற விளக்கக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். உரை முடிந்து, கேள்விகள் கேட்கலாம் என அறிவிக்கப்பட்டதும், பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தோட்டத்திற்கு வெளியே அரை ஏக்கர் நிலம் வாங்கி வைத்திருக்கிறார். அந்நிலத்தின் ஊடே சாலை வரப்போவதாக அவருக்குச் செய்தி எட்டியிருந்தது.

“ஐயா, சட்டம் போடுவது அரசாங்கம். நிலத்தை எடுப்பதும் அரசாங்கம். வழக்கென்று போனால் அதை விசாரிப்பதும் அரசாங்கம். அப்படியானால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?”

அன்று நாம் அளித்த விடை போதுமானதாக இல்லை. நேரம் குறைவு என்பது ஒரு காரணம். கேள்வி அத்தனை நேரானது என்பது மற்றொரு காரணம். அப்பெரியவருக்குக் கடன்பட்ட விடையை இவ்விதழின் வாசகர்கள் அனைவருக்குமாக ஈண்டு எழுத முற்படுகிறோம்.

“அரசாங்கம்” என்னும் சொல்லை நாம் எல்லாருமே சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தி வருகிறோம். நில அலுவலகத்தின் எழுத்தர், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், நீதிபதி ஆகிய எல்லாரும் நமது பேச்சில் அரசாங்கமே. ஆனால், நமது நாட்டின் அரசமைப்புச் சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. சட்டம் இயற்றும் பொறுப்பை நாடாளுமன்றத்திடமும், அதனைச் செயற்படுத்தும் பொறுப்பை நிர்வாகத்திடமும், வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை நீதிமன்றங்களிடமும் அது பகிர்ந்தளித்துள்ளது. பால் நிறுக்கும் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். பாலை நிறுப்பவரே கணக்கையும் எழுதி, கூலியையும் முடிவு செய்து, “எடை குறைகிறதே” என்று யாரேனும் முறையிட்டால் அம்முறையீட்டையும் அவரே விசாரிப்பாரானால், அவர் எத்துணை நல்லவராயினும் அந்தக் கணக்கை யார் நம்புவர்?

1956ஆம் ஆண்டில், ரீட் பிரபுவின் தலைமையில், பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாக்கிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஐவர் கொண்ட ஆணையம் நமது அரசமைப்புச் சட்டத்தை வரையும் பணியை ஏற்றது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆட்சி முறையின் பெரும்பகுதியைப் பிரிட்டனைப் பின்பற்றியே நாம் அமைத்துக் கொண்டோம் எனினும், ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்ச அதிகாரம் படைத்தது. நமது நாட்டிலோ, நான்காம் விதியின்படி, அரசமைப்புச் சட்டமே உச்ச சட்டமாகும். அதற்கு முரணாக இயற்றப்படும் சட்டம், முரண்படும் அளவிற்குச் செல்லாததாகிவிடும். ஆகவே நாடாளுமன்றமும் ஒரு வேலிக்கு உட்பட்டதே. பெரியவரின் கேள்விக்கான விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாடாளுமன்றம் என்பது மாட்சிமை தங்கிய பேரரசர், மேலவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததாகும். இரு அவைகளும் ஏற்றுக்கொண்ட மசோதா பேரரசரின் ஒப்புதலுக்கு அனுப்பப்படுகிறது. முப்பது நாள்களுக்குள் ஒப்புதல் கிட்டாவிடினும், அது ஒப்புதல் பெற்றது போன்றே சட்டமாகிவிடும். இவ்விதி இன்றைய வடிவத்தைப் பெற்றது 1994ஆம் ஆண்டின் திருத்தத்தினால் ஆகும். இதே ஒப்புதல் விவகாரம் 1983இல் பேரரசருக்கும் அன்றைய அமைச்சரவைக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாட்டை உண்டாக்கியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சாதாரணச் சட்டம் நிறைவேற, அவையில் கூடியிருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையினரின் ஆதரவு போதும். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதற்கோ, பெரும்பாலான விதிகளைப் பொறுத்தவரை, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும். 222 உறுப்பினர்களைக் கொண்ட மக்களவையில் அஃது 148 வாக்குகளாகும். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2019 ஏப்ரல் 9ஆம் நாள், சபா, சரவாக் மாநிலங்களின் நிலை தொடர்பான திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, 138 பேர் ஆதரித்தனர். 59 பேர் வாக்களியாது விலகி நின்றனர். அன்றைய அரசாங்கம் கொண்டுவந்த மசோதா, பத்து வாக்குகள் குறைந்தமையால் தோற்றது. பின்னர், சொற்கள் மாற்றியமைக்கப்பட்ட வேறொரு மசோதா, 2021 டிசம்பரில் 199 வாக்குகளுடன் நிறைவேறியது. ஆளுங்கட்சி விரும்பினாலும் மாற்றுத் தரப்பினரை இணங்கச் செய்யாமல் அடிப்படைச் சட்டத்தில் கை வைக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நிர்வாகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருத்தல் வேண்டும் என்பதால், இவ்விரு பிரிவுகளும் நமது நாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முற்றாகப் பிரிந்து நிற்கின்றன என்று பாடநூல்களில் எழுதுவது சரியன்று. அமைச்சரவை கூட்டாக நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பாகிறது. மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையை இழந்த பிரதமர், தமது வேண்டுகோளின் பேரில் பேரரசர் நாடாளுமன்றத்தைக் கலைத்தாலன்றி, அமைச்சரவையோடு பதவி விலக வேண்டும். 2021 ஆகஸ்டு 16ஆம் நாள் பிரதமர் ஒருவர், பெரும்பான்மையை இழந்த நிலையில், பதவி விலகியதை நாம் கண்டோம். வரி விதிப்பதற்கும் சட்டத்தின் அனுமதி வேண்டும். செலவழித்த பணத்தைத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்ந்து தரும் அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.

இனி நீதிமன்றங்களைக் காண்போம். பெரியவரின் ஐயம் மிகுதியாக இருந்தது இங்குதான். பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்து, பேரரசரே உயர்நிலை நீதிபதிகளை நியமிக்கிறார். நியமிப்பதில் நிர்வாகத்திற்குப் பங்கு இருப்பது உண்மையே. நியமனத்திற்குப் பின்னரோ, அவர்களைப் பிடித்த நேரத்தில் விலக்கிவிட முடியாது. 66 வயது வரை பதவியிலிருக்க அவர்களுக்கு உரிமையுண்டு. நடுவர் குழு ஒன்று விசாரித்துப் பரிந்துரைத்தாலன்றி அவர்களை நீக்க இயலாது. பதவியிலிருக்கும் காலத்தில் அவர்களின் ஊதியத்தைக் குறைத்தலும் ஆகாது. நீதிபதி ஒருவரின் நடத்தையைப் பற்றி நாடாளுமன்றம் விவாதிக்க விரும்பினால், உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினராவது முறைப்படி அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் வேலி ஒருபோதும் சாயாது என்று நாம் சொல்லமாட்டோம். 1988ஆம் ஆண்டில், நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கிய துன் சாலே அபாஸ், நடுவர் குழு விசாரணைக்குப் பின் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டில் 121ஆம் விதி திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் உயர்நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற சொற்கள் எடுக்கப்பட்டன. நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வழங்கும் அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்னும் பொருள்பட வாசகம் அமைந்தது. அத்திருத்தத்தின் நிழல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

நிலம் பற்றிய இரண்டு வழக்குகளை இப்போது கூறுகிறோம். முதலாவது, 1979ஆம் ஆண்டின் சட்ட ஏடுகளில் இடம்பெற்றது. கோலாலம்பூரில் நிரந்தர உரிமை நிலம் வைத்திருந்த ஸ்ரீ லெம்பா என்னும் நிறுவனம், அதனைப் பிரித்து, பயன்பாட்டை மாற்ற அனுமதி கோரியது. நிரந்தர உரிமையை விட்டுக்கொடுத்து 99 ஆண்டுக் குத்தகை உரிமையைப் பெற்றுக்கொண்டால் அனுமதி தரலாம் என்று நில அதிகாரிகள் தெரிவித்தனர். அனுமதி வழங்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. இத்தகைய நிபந்தனையை விதிக்கும் அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தரும் எந்த அதிகாரத்திற்கும் சட்டத்தின் எல்லை உண்டு என்பதை அத்தீர்ப்பில் வலியுறுத்தியவர் ராஜா அஸ்லான் ஷா. அவர் பின்னாளில் பேராக் சுல்தானாகவும், 1989 முதல் 1994 வரை நாட்டின் பேரரசராகவும் விளங்கினார்.

இரண்டாவது வழக்கு, பெரியவரின் கேள்விக்காகவே நடந்தது போல் நமக்குத் தோன்றுகிறது. காஜாங் – சிரம்பான் நெடுஞ்சாலைக்காக செமிஞே ஜெயா என்னும் நிறுவனத்தின் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாது என்று வழக்கு எழுந்தது. அப்போதிருந்த சட்டப்படி, நீதிபதியுடன் இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமர்வர். தொகையைத் தீர்மானிப்பவர்கள் அவர்களே. இருவரின் கருத்தும் வேறுபட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே நீதிபதியின் வேலை. அதாவது, நீதிபதி இருக்கையில் இருந்தார். தீர்ப்போ அவர் கையில் இல்லை. 2017ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவை, அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று ஒருமனதாகத் தள்ளியது. நீதி அதிகாரம் நீதிமன்றத்திற்கே உரியது. மதிப்பீட்டாளர் கருத்துரைக்கலாம், முடிவு நீதிபதியுடையது என்றது. 121ஆம் விதியின் திருத்தம் இந்த அடிப்படையை அகற்றிவிடவில்லை என்றும் அது விளக்கியது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அச்சட்டத்தின் கீழ் நிர்வாகம் எடுத்த நிலம், அச்சட்டத்தையே நிறுத்துப் பார்த்த நீதிமன்றம் என மூன்று பிரிவுகளும் அந்த ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றன.

ஆயினும் நீதிமன்றத்தின் கையும் எல்லைக்கு உட்பட்டதே. பொதுத் தேவைக்காக நிலம் எடுப்பதை அது பெரும்பாலும் தடுப்பதில்லை. 13ஆம் விதி காப்பது போதிய இழப்பீட்டைப் பெறும் உரிமையையே ஆகும். நிலமோ மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. மேலும், தோட்ட நிறுவனத்தின் நிலத்திலுள்ள லயன் வீடுகளில் குடியிருப்போர் அந்நிலத்தின் உரிமையாளர் அல்லர் என்பதால், அவர்களின் வீட்டு வசதி குறித்த முறையீடுகள் 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் இலாகாவிற்கே செல்ல வேண்டும். இவ்வேறுபாடு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தோரை நாம் அறிவோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நீதிமன்றம் தானாக எழுந்து யாருடைய நிலத்திற்கும் வருவதில்லை. வழக்கு அதனிடம் கொண்டு செல்லப்பட வேண்டும். நில நிர்வாகியின் விசாரணைக்கு அழைப்பு வந்தால் நேரில் செல்லுதல் அவசியம். இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்பட்டபோது அங்கே இருந்தவர், அதில் நிறைவு கொள்ளாவிடின், அந்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் ‘என்’ பாரத்தை நிரப்பி, வைப்புத்தொகையுடன் நில நிர்வாகியிடம் கொடுத்து, வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பும்படி கோரலாம். தொகையைப் பெறும்போது, ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிடுவதும் முக்கியம். சென்ற வாரம் அப்பெரியவரை மீண்டும் சந்தித்து இவற்றைக் கூறினோம். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து, “தேதியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்றார். விசாரணை நாளுக்கு இன்னும் பதினொரு நாள்கள் இருந்தன.