நகரத்துக்குச் சட்டம் போடும் உரிமை எங்கிருந்து வருகிறது?

1880-ல் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. மரக்கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்துகிறவர் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். செங்கல், கருங்கல் கட்டடமென்றால் வேண்டியதில்லை. படித்தால் நியாயமாகத்தான் படும். நாளெல்லாம் அடுப்பெரியும் தொழில் அது. ஊரும் பலமுறை தீக்கு இரையான ஊர்.

அங்கே அப்போது சுமார் 320 சலவைக்கூடங்கள் இருந்தன. 310 மரக்கட்டடங்களில் நடந்தன. ஏறக்குறைய 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்டு மனுப் போட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாதவர்களில் 80 பேர் மரக்கட்டடத்திலேயே தொழிலைத் தொடர்ந்தார்கள். யிக் வோ என்ற பெயரில் வழக்காடிய சலவைக்காரர் அதே இடத்தில் 22 ஆண்டுகள் தொழில் செய்தவர். தீத்தடுப்பு அதிகாரிகளும் சுகாதார அதிகாரியும் அவர் கூடத்தைப் பார்த்துச் சான்று கொடுத்திருந்தார்கள். அப்படியும் 10 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, கட்டாததால் சிறை.

சட்டத்தின் வாசகத்தில் சீனர் என்ற பேச்சே இல்லை. அதை நடைமுறைப்படுத்திய கைகளில்தான் பாகுபாடு இருந்தது. 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத்தான் சொன்னது: எழுத்தில் பொதுவாக இருந்தாலும், ஒரு இனத்தாரை மட்டும் நசுக்கப் பயன்பட்டால் அது அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தத்தை மீறுவதாகும். யிக் வோ குடியுரிமை பெற்றவர் அல்ல. அவருக்கும் சம பாதுகாப்பு உண்டு என்றது தீர்ப்பு. நகராட்சிகளின் வரலாற்றில் இதைவிட முக்கியமான வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு நகர மன்றத்துக்கு ஒருவரின் பிழைப்பையே நிறுத்தும் அதிகாரம் எப்படி வந்தது? அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகராட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மக்களின் உயிருக்கும் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. அதில் ஒரு பங்கை மாநிலம் நகரத்துக்குத் தருகிறது. எவ்வளவு பங்கு என்பதில்தான் 150 ஆண்டுகளாகச் சண்டை.

1868-ல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் கறாராக ஒரு கோடு கிழித்தார். நகரத்தைப் படைத்தது மாநிலம். கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. சந்தேகம் வந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும். இன்றும் பல மாநிலங்களில் இதுவே நடைமுறை. மிசௌரி எதிர்வழியில் போனது. 1875-ல் வந்த அதன் புதிய சாசனம், செயின்ட் லூயிஸ் நகரம் தனக்கான ஆட்சி அமைப்பைத் தானே எழுதிக்கொள்ள அனுமதித்தது. கலிஃபோர்னியா 1879-ல் பின்தொடர்ந்தது: மாநிலப் பொதுச் சட்டத்தோடு முரண்படாத வரை, தன் எல்லைக்குள் நகரம் வேண்டிய விதிகளைச் செய்துகொள்ளலாம்.

அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதை அதே சான் பிரான்சிஸ்கோ காட்டியது. 2007-ல் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அடுத்தடுத்த ஊர்கள் அதைப் பின்பற்ற, 2014-ல் கலிஃபோர்னியா முழுமைக்கும் சட்டம் வந்தது. 2016-ல் வாக்காளர்களும் அதை ஏற்றார்கள். ஒரு நகரத்தில் சோதித்துப் பார்த்தது மாநிலத்தின் சட்டமாயிற்று.

கொடுத்த கையே பறிப்பதும் உண்டு. 2014-ல் பெர்க்லி நகர மக்கள் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரி போட வாக்களித்தார்கள். நான்கே ஆண்டில், 2031 வரை வேறெந்த ஊரும் புதிதாக அப்படி வரி போடக் கூடாது என்று மாநிலம் தடுத்துவிட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, 2016-ல் மாநிலச் சட்டமன்றம் அதைச் செல்லாததாக்கியது. யிக் வோவைக் காத்தது போன்ற தலையீடு அவசியம். ஆனால் தன் மக்களின் உடல்நலத்துக்கும் கூலிக்கும் ஓர் ஊர் எடுக்கும் முயற்சியை முளையிலேயே கிள்ளுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் நகராட்சிகளுக்கு அரசியல் சாசனத்திலேயே இடமுண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் குடிநீர், நகரத் திட்டமிடல் உள்ளிட்ட 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை ஒப்படைப்பது என்று முடிவெடுப்பது மாநிலச் சட்டமன்றம். சென்னையில் குடிநீர் மாநில அரசின் வாரியத்திடம்தான் இருக்கிறது. நிலப் பயன்பாட்டுத் திட்டம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். அடுத்த முறை வார்டு உறுப்பினரிடம் கோரிக்கையோடு போகும்போது, அது மன்றத்தின் கையில் இருக்கிறதா, தலைமைச் செயலகத்தின் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.