எருதுக்கல் முதல் அணியுடை வரை: கழிந்த ஆட்டங்களின் நினைவுப் பொருள்கள்

முன்னுரை

மறைந்துபோன விளையாட்டு அணிகளின் பெயரும் சின்னமும் பொறித்த ஆடைகளும், இடிந்துபோன கட்டடங்களின் உருவம் தீட்டிய கிண்ணங்களும் படங்களும் இன்று உலகெங்கும் விலைப்படுகின்றன. ஆட்டம் நின்றுவிட்டது, ஆடிய களமும் அழிந்துவிட்டது, ஆயினும் அவற்றின் சின்னம் மட்டும் கடைதோறும் விற்கப்படுகின்றது. இவ்வழக்கம் இயந்திரத் தொழிலும் விளம்பரமும் பெற்றெடுத்த புதுமை என்றே பலர் எண்ணுவர். கழிந்த ஆட்டத்தை ஒரு பொருளில் நிலைநிறுத்தும் எண்ணம் தமிழகத்தில் பழமையானது என்பதையும், அப்பழைய முறைக்கும் இன்றைய வாணிக முறைக்கும் இடையே உள்ள வேற்றுமை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஏற்ற நிலைக்களமாம். முற்காலத்தில் பாரமகால் எனப்பட்ட நிலப்பரப்பின் பகுதி இது. ஒருபுறம் ஓசூர்த் தொழிற்சாலைகளும் கன்னட நாட்டு எல்லையும் உள்ளன. மறுபுறம் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. தைத்திங்கள் பிறந்ததும் ஊர்தோறும் எருதுவிடும் விழா நிகழ்கின்றது. பழமையும் புதுமையும் இவ்வாறு ஒருங்கே காணக்கிடைக்கும் நிலம் இதுவாதலின், ஈண்டு நின்று நோக்குவார்க்கு இவ்வேற்றுமை தெளிவாகப் புலப்படும்.

கோழிக்கல்லும் எருதுக்கல்லும்

நடுகல் என்றவுடன் போரில் வீழ்ந்த மறவனே நம் நினைவுக்கு வருகின்றான். தொல்காப்பியம் புறத்திணையியலில் கல்லைக் கண்டு தேர்தல் முதலாக வாழ்த்துதல் ஈறாக அதன் நிலைகளை வகுத்துரைக்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் ஆகிய பகுதிகளிற் கிடைத்துள்ள கற்களுட் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்டவர்க்கு எடுக்கப்பட்டவையே. செங்கம் பகுதிக் கற்கள் 1972ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் தனி நூலாக வெளியிடப்பெற்ற பின்னர், இத்துறை ஆராய்ச்சி புதுவேகம் பெற்றது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் வெளிப்பட்டமையால் இம்மரபின் தொன்மை ஐயமின்றி நிறுவப்பட்டது.

எனினும், நடுகல் பெற்றோர் அனைவரும் போர்மறவர் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட கல்லொன்று, தன் தலைவனுடன் நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் உருவத்தையும் தாங்கி நிற்கின்றது. விழுப்புரம் பகுதியைச் சார்ந்த அரசலாபுரத்தில் உள்ள கல்லோ சண்டைக் கோழிக்கு உரியது. அதன் எழுத்து வட்டெழுத்தின் தொடக்க நிலையினது. அது முகையூர் மேற்சேரியைக் குறிப்பிடுகின்றது. இந்தளூரிற் கிடைத்த மற்றொரு கல், கீழ்ச்சேரிக் கோழியாகிய பொற்கொற்றியின் பெயரைக் கூறுகின்றது.

இவ்விரு கற்களும் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. மேற்சேரி, கீழ்ச்சேரி என்பன ஊரின் இரு குடியிருப்புகள். சேரி என்னும் சொல் அக்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது; பிற்காலத்து இழிபொருள் அதற்கு அன்று இல்லை. கோழி ஓர் உழவனுடைய உடைமையாக இருந்திருக்கலாம். ஆயினும் கல்வெட்டு அதனை உடையவன் கோழி என்று கூறாது, சேரிக் கோழி என்றே கூறுகின்றது. எனவே, களத்தில் நின்றது தனியொரு பறவையன்று. ஒரு சேரியின் மானமே அதன் வடிவில் நின்றது எனலாம். இன்று ஓர் ஊரின் பெயரைத் தாங்கி ஆடும் கூட்டத்தை அணி என்கின்றோம். அவ்வகையில், இக்கோழிக்கற்களை அணியின் நினைவாக எழுந்த பொருள்களுட் பழமையானவை என்று கொள்ளுதல் பொருந்தும். பொற்கொற்றி என்பதும் கொற்றம் என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கொள்ளத்தக்கது. வெற்றியை எண்ணியே ஊரார் இட்டு வழங்கிய பெயராக அது தோன்றுகின்றது.

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள எருதுக்கல் இன்னும் ஒரு படி தெளிவானது. ஒருவன் எருதொடு பொரும் காட்சி அதிற் செதுக்கப்பட்டுள்ளது. கருவந்துறையில் எருது விளையாடிப் பட்ட ஒருவனுக்கு அவன் மகன் நட்ட கல் அஃது என்பதனை அதன் எழுத்து உணர்த்துகின்றது. ஈண்டு இரண்டு சொற்கள் கருதத்தக்கன. ‘விளையாடி’ என்றமையால் இது போரன்று, ஆட்டமே என்பது தெளிவு. ‘பட்டான்’ என்பதோ போர்க்கள நடுகற்களில் மறவன் இறப்பைக் குறிக்க வழங்கும் அதே வினை. ஆட்டத்தில் இறந்தானுக்கும் போரில் இறந்தானுக்கும் ஒரே சொல்லை வழங்கிய ஊரார், இருவரையும் ஒரு நிகராகவே மதித்தனர் என்பது இதனாற் பெறப்படும். முல்லைக்கலியிற் காணும் ஏறுதழுவலும், பிற்காலத்து இக்கல்லும், இன்றைய எருதுவிடும் விழாவும் ஒரே தொடரின் கண்ணிகளாம்.

பாரமகாலின் படங்கள்

கல்லில் நினைவை நட்ட நாட்டின் காட்சி, தாளில் அச்சாகிக் கடல்கடந்து விலைப்பட்ட வரலாறும் இந்நிலத்திற்கு உண்டு. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் திப்புசுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறிற்று. அதே ஆண்டில் தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியர் இருவர் இவ்வழியே பயணம் செய்து மலைக்கோட்டைகளை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்களின் தொகுதியில் இராயக்கோட்டையும் ஓசூரும் இடம்பெற்றுள்ளன. செல்வர் இல்லங்களிற் சுவரை அழகுசெய்யவும் நூலகங்களிற் காட்சிப்படுத்தவும் இவை விலைகொடுத்து வாங்கப்பட்டன. டேனியல்களின் படங்களைத் தழுவி 1807ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சூபர் நிறுவனம் ‘இந்துஸ்தான்’ என்ற பெயரில் சுவரொட்டுத் தாளே செய்து விற்றது.

அப்படங்களின் அருமையை நாம் மறுத்தற்கில்லை. இன்று இடிந்துள்ள மதில்கள் சில அக்காலத்தில் நின்ற நிலையை அவற்றாலேயே அறிகின்றோம். ஆயினும், அவற்றில் காணப்படும் மாந்தர்க்குப் பெயர் இல்லை. கோட்டையைக் கட்டியவரும் காத்தவரும் அதில் வீழ்ந்தவரும் யாவர் என்பது படத்தின் அடியில் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றே ஆங்கில ஒலிக்கேற்பத் திரிந்து நிற்கின்றது. அழகு நிலைபெற்றது, செய்தி நிலைபெறவில்லை.

நகர்ப்புறத்திலும் இந்நிலையே நிகழ்ந்தது. சென்னை மூர் மார்க்கெட் கட்டடம் 1900ஆம் ஆண்டு முதல் பழைய நூல் தேடுவார்க்கெல்லாம் புகலிடமாக விளங்கியது. அக்கட்டடம் 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. அதன் செந்நிறச் சுவர்கள் இன்று அஞ்சலட்டைகளிலும் படங்களிலுமே காட்சி தருகின்றன. ஆங்கு நூல் விற்றோர், அவர்கள் வாயிலாகப் பேராசிரியர் பலர் பெற்ற அரிய பதிப்புகள் ஆகியவற்றின் வரலாறோ படத்தில் அடங்குவதன்று.

மறைந்த அணிகளின் ஆடைகள்

இனி, அமெரிக்க நாட்டின் வழக்கத்தை நோக்குவாம். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் ஆடிவந்த டாட்ஜர்சு என்னும் பேஸ்பால் அணி, 1957ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தது. அது ஆடிய எபெட்சு களம் 1960இல் இடிக்கப்பட்டது. அப்பகுதி மக்களின் ஏக்கம் ஆறவில்லை. பழைய அணியின் தொப்பியும் சட்டையும் இன்றும் விலைபோகின்றன. 1904இல் பிலடெல்பியாவில் தோன்றிய மிட்செல் அண்டு நெஸ் என்னும் நிறுவனம், 1980களில் பழைய ஆட்டக்காரர்களின் சட்டைகளை அவ்வக்காலத்துக் கம்பளித் துணியிலேயே மீண்டும் தைத்து விற்கத் தொடங்கிற்று. துணியின் நெசவு, எழுத்தின் வடிவு, எண்ணின் இடம் ஆகியவற்றைப் பழம்படங்களோடு ஒப்பிட்டுத் தெளியவேண்டியிருந்தமையால், இதுவும் ஒருவகைப் பாடபேத ஆராய்ச்சியே எனலாம்.

ஆர்ட்பர்டு நகரின் வேலர்சு என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1997இல் அவ்வணி வடகரோலினாவுக்குச் சென்று வேறு பெயர் பூண்டது. திமிங்கிலத்தின் வாலும் ஆங்கில எழுத்தும் பிணைந்த அதன் பழைய சின்னமோ அணி போனபின்னும் விரும்பி வாங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில், பெயர்ந்துசென்ற அணியே அப்பழைய சின்னம் பொறித்த உடையை அணிந்து ஆடிற்று. அவ்வுடைகளை விற்பனையும் செய்தது. ஊரை விட்டுச் சென்றவர் கையிலேயே ஊரின் நினைவும் விலைப்பொருளாகச் சேர்ந்தது என்பது கருதத்தக்கது.

நம் நாட்டிலும் அணிகள் தோன்றி மறைதல் புதிதன்று. 2009இல் வாகைசூடிய டெக்கான் சார்ஜர்சு என்னும் கிரிக்கெட் அணி 2012இல் முடிவுற்றது. கொச்சி டஸ்கர்சு 2011 என்னும் ஒரே ஆண்டின் ஆட்டத்தோடு மறைந்தது.

ஒப்புநோக்கு

மேற்கூறியவற்றால் இரு முறைகளின் வேற்றுமை விளங்கும். எழுத்துடைய நடுகல்லில் பெரும்பாலும் நான்கு செய்திகள் அமைகின்றன: பட்டவன் பெயர், நிகழ்ந்த இடம், செய்த செயல், கல் நட்டவர் உறவு. எருதுக்கல்லில் இந்நான்கும் உள. விலைக்கு வரும் நினைவுப் பொருளில் சின்னம் உண்டு; பெயரும் சிலபொழுது உண்டு; செயலும் உறவும் பெரும்பாலும் இல்லை.

மற்றொரு வேற்றுமை பொருளாதாரம் பற்றியது. நடுகற்களிற் சில, பட்டவன் குடும்பத்திற்கு நிலம் வழங்கப்பட்டதனையும் கூறும். அந்நிலத்திற்கு நெய்த்தோர்ப்பட்டி என்பது பெயர். நெய்த்தோர் என்பது குருதி. நினைவின் பயன் அங்கு இறந்தவன் மனைவியையும் மக்களையும் சென்றடைந்தது. இன்றைய நினைவு வாணிகத்தில் பயன் சின்னத்தின் உரிமையாளரையும் விற்பவரையுமே சென்றடைகின்றது. ஆடியவனும் பார்த்துக் களித்த ஊரும் வாங்குவோராக மட்டுமே நிற்கின்றனர்.

இதனால் வாணிகப் பொருள் முழுதும் பயனற்றது என்று கூறுதல் நேர்மையாகாது. மறதிக்கு எதிரே நிற்கும் எதுவும் ஓரளவு நன்மை செய்வதே. பழைய சட்டையை அணிந்த இளைஞனிடம் ஒருவர் ‘இஃது எவ்வணி?’ என்று வினவின், ஒரு கதை பிறக்க வழியுண்டு. நடுகல்லும் எல்லா இடத்தும் தன் செய்தியைக் காத்துநின்றது என்பதற்கில்லை. இப்பகுதியில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. வழிபாட்டினாற் கல் அழியாது நிற்கின்றது. ஆனால், எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்க, தனியொருவன் பெயர் பொதுப்பெயருள் மறைந்துவிடுகின்றது. ஆகவே, பொருள் நிலைத்தால் மட்டும் போதாது; அதனை விளக்கும் சொல்லும் உடன் நிலைத்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வுண்மை நாகரசம்பட்டி போன்ற ஊர்களுக்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது. உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2014இல் தடைப்பட்ட காளை ஆட்டங்கள் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டன. 2023 மே மாதத்தில் அச்சட்டம் செல்லும் என உறுதியாயிற்று. தடை நின்ற அச்சில ஆண்டுகளே, வாழும் ஆட்டம் ஒன்று எத்துணை விரைவில் பழங்கதை ஆகக்கூடும் என்பதைக் காட்டின. தொழிற்சாலை வேலை நாடி இளைஞர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்லுந்தோறும், ஊரின் பழைய கபடிக் குழுக்களும் புகழ்பெற்ற எருதுகளின் பெயர்களும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சும். அம்முதியோர் மறையின், பின்னர்த் தேடினும் கிடையா.

ஆதலின், முதுகலை மாணவர் தத்தம் ஊரில் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. ஊர்க் குழுக்களின் பெயர், ஆடிய களம், ஆடியோர், ஆண்டு, எருதுகளின் பெயர், அவற்றை வளர்த்தோர் கூறும் செய்தி ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதிவைத்தல் வேண்டும். அருகில் உள்ள நடுகற்களின் எழுத்தைப் படியெடுத்தலும் வேண்டும். 1993இல் தோன்றிய கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் இவ்வகையில் வழிகாட்டும். நாளை ஒருவர் இவற்றைச் சட்டையிலோ கிண்ணத்திலோ பொறித்து விற்பாராயினும் நாம் வெறுக்க வேண்டுவதில்லை; நடுகல்லின் நான்கு செய்திகளும் அதில் இடம்பெறுமாறு வேண்டினால் அமையும்.

தந்தை எருதாடிப் பட்ட இடத்தையும் செயலையும் தன் பெயரையும் ஒரு கல்லில் எழுதுவித்தான் ஒரு மகன். அவன் அன்று எழுதாது விட்டிருப்பின், ஒருவன் எருதொடு நிற்கும் அழகிய சிற்பம் ஒன்றே நமக்குக் கிடைத்திருக்கும். அவன் யார் என்பதை நாம் அறிந்திருக்கமாட்டோம்.